அண்ணியின் மரமும் என் வெளிச்சமும்

எங்கள் வீட்டில் சண்டை என்று வந்தால் அண்ணிதான் ஜெயிப்பாள். இது எனக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும், எதிர்வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும். அண்ணி கேட்டைத் திறந்தால் அது குரைப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டு வாலை ஆட்டும். பெரிய ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸ். ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்ட ஆறடி ஆளைக் காதைப் பிடித்து வெளியே இழுத்தவள் என்று பேர். அப்பேர்ப்பட்டவளோடு மோதி வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நான் ஜெயித்திருக்கிறேன். அதைக் கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்வேன். பிடிக்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம்.

நான் பல் செய்கிறவள். மேல்மாடியில் அண்ணனும் அண்ணியும், கீழே நான். கீழ்த்தளத்தின் பின்னறைதான் என் லேப். பல் டாக்டர் அச்செடுத்து அனுப்புவார். நான் செராமிக் பொடியைக் குழைத்து, மெல்லிய பிரஷ்ஷால் அடுக்கடுக்காக வைத்து, மேஜை மேலிருக்கும் சின்னச் சூளையில் சுட்டுப் பல்லாக்கிக் கொடுப்பேன். கடைவாய்ப்பல் என்றால் பிரச்சினை இல்லை. அங்கே யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? முன்பல்தான் உயிரை வாங்கும். பக்கத்திலேயே அசல் பல் நின்றுகொண்டு, "இவன் புதுசு" என்று காட்டிக்கொடுத்துவிடும். நாம் எல்லோரும் பல் வெள்ளை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உட்கார்ந்து பார்த்தால் தெரியும்: ஈறுப் பக்கம் கொஞ்சம் மஞ்சள், நடுவே பால், நுனியில் சாம்பலும் நீலமும் கலந்த ஒரு கண்ணாடித்தன்மை. ஆளுக்கு ஆள் வேறு. அதனால் முன்பல் கேஸ் என்றால் டாக்டர் ஆளையே என்னிடம் அனுப்பிவிடுவார்.

வருகிறவர்களைப் பின்னறை ஜன்னலோரம் உட்காரவைத்து, "ஈன்னு காட்டுங்க" என்பேன். அந்த ஜன்னலில் நேர் வெயில் விழாது. காலையிலிருந்து மாலைவரை ஒரே சீரான, பொய் சொல்லாத வெளிச்சம். என்னிடம் இருக்கும் சொத்து அந்த வெளிச்சம்தான். நாள் முழுக்க நான் சுவரோரம் ஒட்டிக்கொண்டு ஜன்னலையே பார்ப்பதால் அண்ணன் எனக்குப் பல்லி என்று பேர் வைத்திருக்கிறான். தொழிலுக்கும் பொருந்துகிறதாம். அவனுக்கே சிரிப்பு தாங்காது.

ஜன்னலுக்கு வெளியே முன்பு ஒரு தகர ஷெட் இருந்தது, தாழ்வாக, யார் வழிக்கும் வராமல். அது துருப்பிடித்து ஒரு காற்றில் சாய்ந்தது. தகரத்தை அள்ளிப் போட்ட பிறகு, எத்தனையோ வருடம் வெயில் காணாத அந்த மண்ணில் முதல் மழைக்கே என்னவோ முளைத்தது. யாரும் விதைக்கவில்லை. முழங்காலுக்கு மேல் வளராத செடி. வெள்ளையும் லேசான ஊதாவுமாகப் பொடிப்பொடியாகப் பூத்தது. பேர் தெரியவில்லை. எனக்குப் பூ, செடி என்றெல்லாம் பெரிய ஆசை கிடையாது. ஆனால் அது ஜன்னல் விளிம்புக்குக் கீழேயே நின்றுகொண்டது. அந்த மரியாதை எனக்குப் பிடித்துவிட்டது.

அந்த வாரமே சாப்பாட்டு மேஜையில் அண்ணி தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "பின்னாடி ஒரு நிழல் மரம் வைக்கப் போறேன்."

முடிவு செய்துவிட்டு வந்து சொல்கிற குரல் அது.

"பின்னாடின்னா?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"ஷெட் இருந்த இடத்துல. நல்லாக் குடை மாதிரி விரியுற மரமா. நைட் டூட்டி முடிச்சுட்டு வந்து பகல்ல படுத்தா, ரூமா அது? அடுப்பு. புரண்டு புரண்டு படுத்துட்டு, கண்ணு எரிய எரிய மறுபடியும் டூட்டிக்குப் போறேன். ஒரு வார்டே என் கையில இருக்கு. எனக்குத் தூக்கம் வேணும்."

நியாயமான பேச்சுதான். அண்ணியின் கண்ணுக்குக் கீழே கருவளையம் வந்திருந்ததை நானும் பார்த்திருந்தேன். ஆனால் அவளுடைய நியாயம் என் ஜன்னலுக்கு நேரே வந்து நின்றது.

"அண்ணி, மரம் வந்தா என் ஜன்னல் போச்சு."

"லைட் போட்டுக்க."

"லைட்டுல பல்லு கலர் தெரியாது அண்ணி. அந்த வெளிச்சம்தான் எனக்குச் சோறு போடுது."

"சரி, உனக்கு அங்க என்னதான் வேணும்?"

"ஒண்ணும் வேணாம். அதுவா வந்திருக்கே ஒரு பூ, அது போதும்."

"எது, அந்தக் களையா?" அண்ணி இப்போதுதான் தலையைத் தூக்கினாள். "ஏன் நாத்தனாரே, கொஞ்சம் யோசிச்சுப் பேசு. என் மரம் நிழல் தரும். உன் பூ என்ன தரும்?"

"ஒண்ணும் தராது. ஒண்ணையும் எடுத்துக்காது."

"மரம்னா பறவை வரும்."

"வந்து நம்ம துணி மேலதான் உக்காரும். பூவுக்கு வண்ணத்துப்பூச்சி வருது, சத்தமில்லாம."

"பூ ஒரு வெயில் அடிச்சா கருகிடும்."

"ஒரு மழை பெஞ்சா திரும்பி வந்துடும். தண்ணி ஊத்த வேணாம், இலை கூட்ட வேணாம். வேர் போய்ச் சாக்கடைக் குழாயை உடைக்கப் போறதும் இல்ல."

"மரம் நூறு வருஷம் நிக்கும்டி!"

"அதான் அண்ணி பயமே."

அண்ணன் குனிந்து சிரித்தான். அண்ணி ஒரு பார்வை பார்த்தாள். சிரிப்பு அப்படியே உள்ளே போய்விட்டது. அவன் லிஃப்ட் மெக்கானிக். மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பது அவனுக்குப் பழகிய வேலை.

அண்ணி நர்ஸுகள் சங்கத்தில் பெரிய ஆள். எதையும் ஓட்டுக்கு விடாமல் அவளுக்குத் தூக்கம் வராது. "மரத்துக்கு ஓட்டுப் போடறவங்க கை தூக்குங்க" என்று தன் கையைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் ஜக்கை எட்டுவதற்காக அண்ணன் கையை நீட்டினான். அண்ணி அதையும் சேர்த்து எண்ணிக்கொண்டாள். மரம் பெரும்பான்மையில் ஜெயித்தது.

நான் டாக்டரிடம் வேலையைக் கொடுக்கப் போயிருந்த ஒரு காலையில் மரம் வந்து இறங்கியது. சின்னக் கன்று என்றாவது மனதைத் தேற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன். என் தலைக்கு மேலே வளர்ந்த ஒன்றை, வேர்மண்ணோடு வண்டியில் வைத்துக் கொண்டுவந்து நட்டிருந்தாள். பூச்செடிகளில் பாதி மண்ணுக்கடியில் போயிருந்தன. மீதி, குழியின் ஓரமாக ஒதுங்கி நின்றன.

அந்த மரத்துக்கு என்ன அவசரமோ தெரியவில்லை, இரண்டு மழைக்குள் ஜன்னலை மூடிவிட்டது. அறைக்குள் வெளிச்சம் வராமல் இல்லை, வந்தது. இலைக்குள் நுழைந்து, குளிர்ச்சியாக, கண்ணுக்கு இதமாகவே வந்தது. நான் முணுமுணுத்துக்கொண்டே அதற்குப் பழகிப்போனேன். அங்கேதான் ஏமாந்தேன்.

முதலில் ஒரு ஸ்கூல் டீச்சருடைய பல் திரும்பி வந்தது. "கலர் தப்பும்மா, லேசா சிவப்படிக்குது" என்றார் டாக்டர் போனில். எனக்கு நம்பமுடியவில்லை. திருத்தி அனுப்பினேன். மறுபடியும் வந்தது. பிறகு ஒரு டிரைவருடைய பல். பிறகு இன்னொன்று. டாக்டர் திட்டவில்லை. "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

என் கண் போய்விட்டது என்றே நினைத்தேன். நாற்பதைத் தாண்டியாயிற்று; இத்தனை வருடம் பொடிப்பொடியானதையே பார்த்துப் பார்த்து, கடைசியில் நிறம் தெரியாமல் போய்விட்டது. வேறு வேலை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் இஷ்டமில்லை. பல் செய்கிறவளுக்கு நிறம் தெரியவில்லை என்றால் பாடுகிறவளுக்குக் காது போன மாதிரிதான். யாரிடமும் சொல்லவில்லை. சூளை சூடாகிற நேரத்தில் அதன் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

அப்படி இருக்கும்போதுதான் துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் முன்பல்லுக்காக வந்தாள். மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக அவள் உதட்டோரம் வைத்துப் பார்த்துப் பார்த்து, எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லாமல், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவளுக்கு வாய் வலித்துவிட்டது.

"என்னக்கா இவ்ளோ நேரம் பாக்குறீங்க? எங்க கடையில கலர் பாக்கணும்னா கஸ்டமர் துணியை எடுத்துக்கிட்டு வாசலுக்குல்ல ஓடுவாங்க?"

நான் மாதிரிப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பிறகு அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். உள்ளே அச்சு அசலாகப் பொருந்திய பல், வெளியே வந்ததும் யாரோ ஒருவருடைய பல்லாகிவிட்டது. உள்ளே ஓடினேன், பொருந்தியது. வெளியே ஓடினேன், பொருந்தவில்லை. அந்தப் பெண் வாயைத் திறந்தபடியே என் பின்னால் ஓடி ஓடி வந்தாள், பாவம்.

பச்சை! இலை வழியாக வந்த வெளிச்சம் முழுக்கப் பச்சை. அந்தப் பச்சைக்கு ஈடுகட்ட, எனக்கே தெரியாமல் பொடியில் சிவப்பைக் கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறேன். என் கண் போகவில்லை. இருக்கிற வெளிச்சத்தில் இருப்பதைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. நடு வாசலில் நின்று, "என் கண்ணு நல்லா இருக்கு!" என்று கத்தினேன். துணிக்கடைப் பெண், "எனக்குப் பல்லு வேணும்க்கா" என்றாள்.

இதை அண்ணியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. நோயாளியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். அதில்தான் எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"மரம் பல்லைச் சிவப்பாக்குதா? எங்க வார்டுல இந்த மாதிரி நிறையப் பேர் பேசுவாங்க. கண் டாக்டரைப் போய்ப் பாரு. வயசாகுதுன்னு ஒத்துக்கறதுல ஒண்ணும் தப்பில்ல."

"அண்ணி, உங்க ரூம் இப்ப ஜில்லுனு இருக்கா?"

"ஐஸ் மாதிரி இருக்கு" என்றாள், நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டே. அவள் பகலில் மாடியில் படுப்பதே இல்லை, கீழே கூடத்து சோபாவில் காலை மடக்கிக்கொண்டு கிடக்கிறாள் என்பதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "சோபா ஏன்னு கேக்கறியா? டிவி பாக்கலாம்னு." டிவி அணைந்திருந்தது.

சங்கத் தேர்தல் வந்தது. அண்ணி தலைவர் பதவிக்கு நின்றாள். நைட் டூட்டி பார்க்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரியிலேயே குளுகுளுவென்று, இருட்டாக, படுக்க ஒரு அறை வேண்டும் என்பது அவளுடைய முழக்கம். தூக்கம் இல்லாதவளுக்குத்தானே தூக்கத்தின் அருமை தெரியும்! அதற்காகப் பல வருடம் போராடியிருக்கிறாள். இந்தத் தடவை ஜெயித்தால் நிர்வாகத்தோடு உட்கார்ந்து கேட்டு வாங்கிவிடலாம். கடைசிக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பேச வேண்டும்.

அதற்கு மூன்று நாள் இருக்கும்போது, மரத்தடியில் நின்று பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். கையை வீசிப் பேசுகிற பழக்கம். ஒரு கிளை இடைஞ்சலாக இருந்தது. அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே பேசினாள். "இனியும் பொறுக்க மாட்டோம்!" என்று இரண்டு கையையும் விரித்தாளா, கிளை விடுபட்டு வந்து வாயிலேயே அடித்தது.

நான் ஓடிப் போனபோது அண்ணி தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையில் ஏதோ வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பல்லில் பாதி. என்னை நிமிர்ந்து பார்த்து எதுவோ சொல்ல வந்தாள். சொல்லுக்குப் பதில் விசில்தான் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. எவருக்கும் கலங்காத அண்ணியின் கண்ணில் தண்ணீர் நின்றது.

டாக்டர் மீதிப் பல்லைச் சீவி, அச்செடுத்து, தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் தொப்பியை மாட்டிவிட்டார். வாயில் சாக்பீஸ் துண்டை வைத்திருக்கிற மாதிரி இருந்தது. "இதோட மேடையில நின்னா நான் பேசறதை யாரும் கேக்க மாட்டாங்க. பல்லைத்தான் பாப்பாங்க" என்றாள். "கூட்டம் திறந்தவெளியில, பட்டப்பகல்ல. நீதான் பண்ணணும்."

"பண்றேன் அண்ணி. ஆனா அந்த ரூம்ல முடியாது."

"ஏன்?"

"மரம்."

அவ்வளவு கஷ்டத்திலும் அண்ணி அண்ணிதான். "மறுபடியும் அதே பாட்டா? அந்த ரூம்லயே பண்ணு. அங்கயே பாக்கறேன்."

சரி என்றேன். மனதறிந்து ஒரு மயிரிழை ஏமாற்றவில்லை. அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அண்ணியை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். "பல்லு காஞ்சா வெளுத்துடும், நாக்கால நனைச்சுக்குங்க" என்றேன். ஹெட் நர்ஸ் சொன்னபடி கேட்டாள். பக்கத்துப் பல்லைப் பார்த்துப் பார்த்து, அதில் ஓடிய மெல்லிய கீறலைக்கூட விடாமல், அந்த இலை வெளிச்சத்தில் என் கண் காட்டியதைக் காட்டியபடி செய்தேன். மறுநாள் காலை மாட்டிக் கண்ணாடியைக் கொடுத்தேன்.

அண்ணி பார்த்தாள். இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "எது உடைஞ்ச பல்லுன்னு எனக்கே தெரியலடி! இப்ப என்ன சொல்றே? மரம் ஏதாவது பண்ணுச்சா?"

"கண்ணாடியை எடுத்துக்கிட்டு வாசலுக்கு வாங்க அண்ணி."

வாசலில், வெளிச்சத்தில் நின்று, அண்ணி கண்ணாடி முன் ஈ என்று காட்டினாள். ஒரு பல் ரோஜா நிறத்தில் இருந்தது. அண்ணி கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். பல்லைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். அப்போதுதான், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, எதிர்வீட்டு நாய் அவளைப் பார்த்து ஒரு குரை குரைத்தது.

அண்ணி விறுவிறுவென்று உள்ளே போனாள். பின்னறை ஜன்னலோரம் நின்று பார்த்தாள். மறுபடி வாசலுக்கு வந்தாள். மறுபடி உள்ளே. நான் அசையாமல் வாசற்படியில் நின்றேன். வாழ்க்கையில் அவ்வளவு சுகமாக நான் எங்கேயும் நின்றதில்லை.

கடைசியில் வந்து என் முன்னால் நின்றாள். "உன் கண்ணுல ஒண்ணும் இல்ல" என்றாள். "என்கிட்டதான் கோளாறு." அவ்வளவுதான். அதற்குள் அண்ணனைக் கூப்பிட்டுவிட்டாள். "என்னங்க! லிஃப்ட் கயிறு கொண்டாங்க!"

அண்ணன் அன்றைக்கு லீவு போட்டான். லிஃப்ட் வேலைக்கு வைத்திருந்த கனத்த கயிற்றை மரத்தின் கழுத்தில் துணி சுற்றிக் கட்டி, சுற்றுச்சுவர்ப் பக்கமாக இழுத்தான். இளமரம்; வளைந்து கொடுத்தது. ஜன்னலுக்கு மேலே இருந்த கிளைகளை அண்ணியே கத்தரித்தாள். தன் மரத்தைத் தானே வெட்டும்போது அவள் முகத்தில் ஒரு வருத்தம் இருந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். எனக்கும் அந்த நேரத்தில் அந்த மரம் எதிரியாகத் தெரியவில்லை.

வெளிச்சம் உள்ளே வந்தது. என் பழைய வெளிச்சம். மேஜைமேல், பிரஷ்மேல், என் கைமேல் விழுந்தது. பொடியைக் குழைத்தபோது கை தானாகவே நடந்தது. சிவப்பைத் தொடவே இல்லை. ஈறுப் பக்கம் தேன் நிறத்தில் கொஞ்சம், நடுவில் பால், நுனியில் அந்தக் கண்ணாடித்தன்மை. வெளியே அண்ணன், "பல்லி, கயிறு கையை அறுக்குது, சீக்கிரம்!" என்று கத்திக்கொண்டிருந்தான். கயிற்றைச் சுவர்க் கம்பியில் கட்டிவிட்டு வரலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

கூட்டம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் திறந்த மைதானத்தில். வெயிலுக்கு ஒதுங்க இடமில்லை. பல்லுக்கு ஒளிய இடமில்லை. நான் முன்வரிசையில் நின்றேன். அண்ணி மைக்கைப் பிடித்தாள். தூக்கமில்லாத இரவுகளைப் பற்றிப் பேசினாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டுத் திடுக்கிட்டு எழுகிறவர்களைப் பற்றிப் பேசினாள். "நாம ஊரையே தூங்க வைக்கறோம். நமக்குப் படுக்க ஒரு ரூம் கேக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு, வாய் நிறையச் சிரித்தாள். அத்தனை பல்லும் தெரிந்தன. மைதானமே கை தட்டியது.

கூட்டம் முடிந்ததும் அங்கேயே ஓட்டுப் போட்டு, அன்று சாயங்காலமே எண்ணி முடித்துவிட்டார்கள். எதிர்த்து நின்றவர் பக்கத்திலேயே வரவில்லை. மேடையில் ஏறிய அண்ணி நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை.

"ஒரு விஷயம். என் வாயில ஒரு பல்லு என்னோடது இல்ல. எதுன்னு கண்டுபிடிங்க பாக்கலாம்!"

நர்ஸுகள் விடுவார்களா? மேடையில் ஏறி மொய்த்துக்கொண்டார்கள். ஒருத்தி டார்ச் அடித்தாள். இன்னொருத்தி நாக்கு அழுத்தும் கட்டையே வைத்திருந்தாள். பல் பிரிவில் வேலை பார்க்கிற ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஈறு ஓரம்வரை பார்த்து, அடித்துச் சொன்னாள். பக்கத்துப் பல்லைக் காட்டினாள். அண்ணியின் அசல் பல்லை!

"தப்பு!" என்று மைக்கிலேயே கத்தினாள் அண்ணி. "செஞ்சவ அதோ நிக்கறா. என் நாத்தனார். இவளைப் போய் நான் கண் டாக்டர்கிட்ட போகச் சொன்னேன்!"

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கூட்டத்தில் பேசத் தெரியாது. பிறர் வாய்க்குள் பார்த்தே பழகியவள். கையைத் தூக்கினேன். அந்தக் கைதட்டு அண்ணிக்குக் கிடைத்ததைவிடக் கொஞ்சம் கூட என்றுதான் இன்றுவரை நான் சொல்லி வருகிறேன். அண்ணி மறுக்கிறாள்.

மறுநாள் மதியம் மாடியில் தொம் தொம் என்று காலடிச் சத்தம். போய்ப் பார்த்தால், அண்ணி தன் அறைச் சுவர்களை ஒவ்வொன்றாகப் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஜுரம் பார்க்கிற மாதிரி. பின்பக்கச் சுவர் சாதாரணம். மேற்குச் சுவர் நெருப்பாகக் காய்ந்தது. அந்தச் சுவரை ஒட்டித்தான் கட்டில்.

"இத்தனை நாள் ஜன்னல்ல வெளிச்சம் வருதுன்னு அந்தப் பக்கம்தான் சூடுன்னு நெனைச்சேன்" என்றாள். "நோய் இங்க, மருந்து அங்கயா போட்டிருக்கேன்? ஹெட் நர்ஸாம் ஹெட் நர்ஸ்!" தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். அதை நான் வைக்கவில்லையே என்று எனக்கு இன்னும் கொஞ்சம் குறை.

மேற்குப் பக்கச் சந்தில் அண்ணனின் பழைய லிஃப்ட் இரும்பெல்லாம் குவிந்து கிடந்தது. இந்தச் சண்டையில் உண்மையில் தோற்றது அந்த இரும்புதான். அன்றே வண்டி ஏறிவிட்டது.

மரத்தை அந்தச் சந்தில் மாற்றி நட, புதுத் தலைவியின் வார்டு ஆட்களே வந்தார்கள். நகர முடியாத நோயாளியைக் கட்டில் மாற்ற நர்ஸுகளுக்கு ஒரு வழி இருக்கிறது: அடியில் பெட்ஷீட்டை நுழைத்து, ஓரங்களைச் சுருட்டிப் பிடித்து, ஒரே மூச்சில் தூக்குவது. மரத்துக்கும் அதே வைத்தியம். முந்தின நாளே வேரைச் சுற்றித் தோண்டி, தண்ணீர் ஊற்றி, கனத்த துணியை மண்கட்டிக்கடியில் நுழைத்தார்கள்.

"பேஷன்ட் தலை பத்திரம்!" என்றாள் அண்ணி. "எல்லாரும் ரெடியா? நான் சொல்லும்போதுதான். ஒண்ணு, ரெண்டு, தூக்கு!"

எனக்கும் ஒரு ஓரம் கொடுத்தார்கள். கை நோக நோகப் பிடித்துக்கொண்டேன். மரம் குழியிலிருந்து எழுந்து, எங்கள் நடுவில் தலையை ஆட்டிக்கொண்டே வீட்டைச் சுற்றிப் போனது. எதிர்வீட்டு நாய் வாலை ஆட்டியபடி முன்னால் ஓடியது. வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி, சுற்றுச்சுவர் ஓரமாகப் புதுக் குழியில் இறக்கியதும், யாரோ கிளையில் ஒரு குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். அண்ணி அதிசயமாகத் திட்டாமல் விட்டாள்.

கொஞ்ச நாள் இலையெல்லாம் உதிர்த்துப் பயமுறுத்தியது. அப்புறம் துளிர்த்தது. இப்போது மேற்குச் சுவர் முழுக்க நிழல். ஆஸ்பத்திரியில் ஓய்வு அறையும் வந்துவிட்டது. கதவில் அண்ணி பேர் இல்லை, ஆனால் எல்லோரும் அவள் பேரைச் சொல்லித்தான் அதற்குள் போகிறார்களாம்.

என் ஜன்னலுக்கு வெளியே, மரம் இருந்த குழியில், அடுத்த மழைக்குப் பூ திரும்பி வந்தது. முன்னைவிட அடர்த்தியாக, ஜன்னல் விளிம்புக்குக் கீழேயே. "களை நல்லாப் பூத்திருக்கே" என்பாள் அண்ணி. ஆனால் அந்தப் பக்கம் யாராவது காலை வைத்தால் மேலிருந்து அவள் குரல்தான் முதலில் வரும்.

இதோ, இப்போது பட்டப்பகல். டாக்டர் அனுப்பிய ஒருவர் என் எதிரே உட்கார்ந்திருக்கிறார். "மேல என்னங்க சத்தம், மெஷின் ஓடுதா?" என்று கேட்கிறார்.

"இல்லைங்க. எங்க அண்ணி தூங்கறாங்க" என்கிறேன். "வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க. ஈன்னு காட்டுங்க."